'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை

தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்திருக்கும் முதலாண்டு மாணவ மாணவியருக்கு ஓர் ஆங்கில ஆசிரியரின் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கல்லூரி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியலையும் வரலாற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் நீங்கள். இப்போது எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். வாயைத் திறந்தால் இலக்கணம் பிசகிவிடுமோ, பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான்.

நான் முதலாண்டு படித்தபோது ஒருநாள், "காய்ச்சல் என்றாயே, டாக்டரிடம் போனாயா?" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். எழுந்து நின்று, "ஐ டிட் நாட் வென்ட் சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "கோ என்று சொல்" எனத் திருத்திவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். ஏன் 'கோ' என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க ஆங்கில வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

காரணம் எனக்குப் புரிந்தது, நான் ஆசிரியரான பிறகு. அதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

'போனேன்' என்பதற்குத் தமிழில் எதிர்மறை என்ன? 'போகவில்லை.' 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. நேற்று நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனாலும் 'போக' என்பதில் இறந்தகாலக் குறி எதுவும் இல்லை. 'இல்லை' வந்து ஒட்டியதும் வினை தன் காலத்தை இறக்கி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்கிறது. பின்னால் வரும் வினை வெறும் 'கோ'வாக நிற்கிறது. கேள்வியிலும் அப்படியே: "டிட் யூ கோ?" 'டிட் நாட் வென்ட்' என்பது 'போனவில்லை' என்பது போல. இதை அன்றைக்கு ஒருவர் ஒரே ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: ஆங்கில இலக்கணத்தில் உங்களுக்கு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் விடை, நீங்கள் ஏற்கெனவே பிசகில்லாமல் பேசுகிற தமிழில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தது உங்களுக்குக் குறையல்ல, கைமுதல்.

என் வகுப்பு மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். சந்தேகத்தை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போட்டுவிடலாம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டவர்களும் உண்டு. ஆண்டுகள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை நான் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வேன். அந்தப் பிரிவுக்கான யோசனையும் தமிழ் இலக்கணம் கொடுத்ததுதான். வழு, வழாநிலை, வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இலக்கணப் பிழை வழு. பிழையில்லாதது வழாநிலை. இலக்கணப்படி பிழைபோல இருந்தாலும் ஒரு காரணம் பற்றிப் பெரியோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. பெற்ற மகளை "வாடா கண்ணா" என்று தாய் கொஞ்சுவதை யாரும் திருத்துவதில்லை. "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று எதிர்காலத்தை நிகழ்காலத்தில் சொல்கிறோமே, அதுவும் வழுவமைதிதான். ஆங்கிலக்காரர்களும் "ஐ ஆம் கோயிங் டுமாரோ" என்று அதையே செய்கிறார்கள்.

முதலில் வழுக்கள். இவற்றைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" ஏன் தவறு? "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" மட்டும் எப்படிச் சரி? டப்பாவில் அடிக்கடி விழும் சீட்டு இது. தமிழில் 'படிக்கிறேன்' என்பது தினமும் படிப்பதையும் குறிக்கும், இந்த நிமிடம் படிப்பதையும் குறிக்கும். அதனால் குழப்பம் வருகிறது. ஆனால் நம்மிடம் '-கொண்டிருக்கிறேன்' என்ற வடிவமும் இருக்கிறதே! அதைப் பொருத்திப் பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல முடிகிறது, எனவே 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்'. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் பேசுவதில்லை, எனவே 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்றும் சொல்ல மாட்டோம், எனவே 'ஐ நோ ஹிம்'. செயல் நடந்துகொண்டிருந்தால் '-இங்', நிலை என்றால் வேண்டாம். எல்லா இடத்துக்கும் இது போதாது என்றாலும் நூற்றுக்கணக்கான வாக்கியங்களை இந்த ஒரு சோதனை காப்பாற்றும்.

அடுத்தது 'ஏ', 'த'. தமிழில் இவை இல்லையே, எங்கே எதைப் போடுவது என்று கேட்காத மாணவர் இல்லை. கடைக்காரரிடம் "பேனா கொடுங்க" என்கிறீர்கள். ஏதோ ஒரு பேனா வேண்டும். நண்பனிடம் "பேனாவைக் கொடு" என்கிறீர்கள். அவன் காலையில் வாங்கிப்போன அந்தப் பேனா, இரண்டு பேருக்கும் தெரிந்த பேனா. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் வந்து நின்றது என்ன? இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. 'பேனா' என்றால் 'ஏ பென்', 'பேனாவை' என்றால் 'த பென்'. 'படம் பார்த்தேன்' என்பதற்கும் 'அந்தப் படத்தைப் பார்த்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இது அஃறிணைக்குத்தான் பொருந்தும். மனிதர்களைச் சொல்லும்போது 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்று 'ஐ' எப்போதும் வந்துவிடும். அங்கே 'ஒரு', 'அந்த' என்ற சொற்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

'ஏ'யா 'ஆன்'ஆ என்பதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'அவர்', முதலெழுத்து உயிர். எனவே 'ஆன் அவர்'. பல்கலைக்கழகம் 'யுனிவர்சிட்டி', முதலில் நிற்பது உயிர்மெய். எனவே 'ஏ யுனிவர்சிட்டி'. சட்டமன்ற உறுப்பினர் 'எம்.எல்.ஏ.', 'எ' உயிர். எனவே 'ஆன் எம்.எல்.ஏ.' 'ஓர் ஆண்டு', 'ஒரு வருடம்' என்று எழுதிப் பழகிய கைக்கு இது புதிதே அல்ல.

'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே? 'இரண்டு வருடமாக' என்று '-ஆக' வந்தால் 'ஃபார் டூ இயர்ஸ்'. '2023இலிருந்து' என்று '-இலிருந்து' வந்தால் 'சின்ஸ் 2023'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதும்போது நீங்கள் 'இரண்டு வருடத்திலிருந்து' என்று எழுதுகிறீர்கள். தமிழிலேயே அது இடிக்கிறது, பாருங்கள்.

'ஒன் ஆஃப் மை பிரெண்ட்' என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கிறீர்கள். 'என் நண்பர்களில் ஒருவர் வருகிறார்' என்றுதானே தமிழில் சொல்வீர்கள்? நண்பர்கள் பன்மை, வருகிறார் என்பது ஒருவருக்கு உரியது. அப்படியே வையுங்கள்: 'ஒன் ஆஃப் மை பிரெண்ட்ஸ் இஸ் கமிங்'. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' எங்கிருந்து வந்தது? 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் கூடவே நடந்து வந்துவிட்டது. 'டிஸ்கஸ்' என்பதை 'பேசு' என்று நினைக்காமல் 'விவாதி' என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'திட்டத்தை விவாதித்தோம்' என்று சொன்னால் 'பற்றி' தேவையில்லை.

'ஹி கோ' என்று எழுதி 's' எழுத்தை விட்டுவிடுகிறோமே, அதற்கு வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. நிகழ்காலம் ஒன்றிலேயே பத்து வடிவங்களை யோசிக்காமல் சரியாகச் சொல்கிறவர்கள் நீங்கள். பழைய ஆங்கிலத்திலும் இப்படிப் பல விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை உதிர்ந்து, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கான அந்த ஓர் எழுத்து மட்டும் எஞ்சி நிற்கிறது. பத்தை ஆள்கிறவர்களுக்கு ஒன்று பெரிய வேலையா? பழக்கம் மட்டும்தான் வேண்டும்.

இரண்டாவது வகை, வழு என்று சொல்லிப் பயமுறுத்தப்பட்டவை. உண்மையில் இவை வழுவே அல்ல, அல்லது எப்போதோ வழுவமைதி ஆகிவிட்டவை.

'வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாதாமே?' என்று ஒரு சீட்டு வந்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்திய நாடக ஆசிரியர் பென் ஜான்சன் வாக்கியங்களை அப்படி முடித்ததைக் குறையாகச் சொன்னார். ராபர்ட் லௌத் என்ற கிறித்தவக் குருவின் இலக்கண நூல் 1762இல் வந்தது. பேச்சில் அப்படி முடிவது ஆங்கிலத்தின் இயல்பு என்று ஒத்துக்கொண்டு, உயர்ந்த எழுத்துநடையில் முன்னால் வைப்பது நயமானது என்றுதான் அவர் சொன்னார். பின்னால் வந்த பள்ளிப் புத்தகங்கள் அந்த நயத்தைச் சட்டமாக்கிவிட்டன. இன்றைய ஆங்கிலத்தில் 'த சேர் ஐ சாட் ஆன்' என்பதில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. 'நான் உட்கார்ந்த நாற்காலி' என்று தமிழில் சொல்லும்போது 'நாற்காலியில்' என்பதில் இருந்த 'இல்' மறைந்துவிடுகிறது. பெயரெச்சம் அதை விழுங்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஆன்' விடுபட்டுப்போகிறது. கடைசியில் 'ஆன்' நிற்பது பிழையல்ல. அது இல்லாமல் போவதுதான் பிழை.

'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்று 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல்லை நுழைக்கலாமா? ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற கேன்டர்பரி குரு 1864இல் வெளியிட்ட நூலில் இதைக் கண்டித்தார். ஃபௌலர் என்பவர் 1926இல் வெளியிட்ட புகழ்பெற்ற பயன்பாட்டு அகராதியோ, பொருள் குழம்புவதைவிடப் பிரித்து எழுதுவது மேல் என்றது. நீங்கள் தாராளமாகப் பிரிக்கலாம்.

'ஹூ', 'ஹூம்' வேறுபாடு கேட்கிறவர்களுக்கு: 'யார்' என்ற இடத்தில் 'ஹூ', 'யாரை', 'யாருக்கு' என்ற இடத்தில் 'ஹூம்'. எழுத்தில் இதைக் கடைப்பிடியுங்கள். பேச்சில் இரண்டு இடத்திலும் 'ஹூ' வருவது இன்று இயல்பு.

'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா.' குடையை மறந்துவிட்டுப் போனவர் ஒருவர்தானே, பன்மை எப்படி வரும்? நல்ல கேள்வி. ஒருவரைக் குறிக்க 'தே' வருவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்கிறார்கள். போனவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அது கைகொடுக்கிறது. 'யூ ஆர்' என்று ஒரே ஆளிடம் பன்மையில் பேசுவதும் அப்படி வந்ததுதான். 'யூ' ஆதியில் பன்மை; ஒருமைக்கு 'தௌ' என்ற சொல் இருந்தது. மரியாதைக்காகப் பன்மையைச் சொல்லிச் சொல்லி, பொதுவழக்கிலிருந்து 'தௌ' மறைந்தேபோனது. நம் 'அவர்', 'நீங்கள்' கதையும் இதுதான். 'ஆர்' விகுதி பலர்பாலுக்கு உரியது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர, இலக்கண நெறிப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியர் சூத்திரமே எழுதிவைத்திருக்கிறார். ஆசிரியர் ஒருவரை 'அவர் வந்தார்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் 'தே'யைத்தான் ஒருமையில் பயன்படுத்துகிறீர்கள். 'தே' உங்களுக்குப் புரியாமல் போக வாய்ப்பே இல்லை.

மூன்றாவது வகை, அந்தப் பள்ளிப் பிரிவில் இல்லாத இடவழக்கு. நம் நாட்டில் சரி, வெளியில் விளங்காது.

'ப்ரீபோன்' நம் ஊர் அலுவலகங்களில் தினமும் புழங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள். 'கசின் பிரதர்' என்கிறோம். சித்தப்பா மகன் நமக்குத் தம்பி, மாமா மகன் மச்சான். ஆணையும் பெண்ணையும், பங்காளியையும் மாமன் உறவையும் ஒரே 'கசின்' என்ற மூட்டையில் கட்டுவது நம் மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டோம். வெளிநாட்டவரிடம் 'கசின்' போதும். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2024' என்றால் இங்கே படிப்பை முடித்ததாகப் பொருள். அமெரிக்கர் காதில் மயங்கி விழுந்ததாக விழும். நேர்காணலில் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள். 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பதில் உள்ள 'ஒன்லி' நம் 'நேற்றுதான்' என்பதன் 'தான்'. ஆங்கிலத்தில் அந்த அழுத்தத்தைக் குரலில் காட்டுவார்கள். நண்பர்களிடம் பேசும்போது 'ஒன்லி' இருந்துவிட்டுப் போகட்டும். விண்ணப்பத்திலும் தேர்வுத் தாளிலும் வேண்டாம். வீட்டில் பேசும் தமிழை அப்படியே தமிழ்த் தேர்வில் எழுத மாட்டீர்கள் அல்லவா? அந்த விவரம் இங்கேயும் போதும்.

இனி என்ன செய்யலாம்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆசிரியர் திருத்திய ஒவ்வொரு வாக்கியத்தையும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் அதன் தமிழை எழுதி, பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓர் உருபோ விகுதியோ அங்கே நிற்கும். ஒரே பிழை மூன்று முறை அந்த நோட்டில் ஏறினால் நான்காவது முறை கை தானாகத் தயங்கும். ஆங்கில வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், கூட வரும் சிறு சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். தினம் ஒரு பத்திச் செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். பயிற்சிக்கு 'ரென் அண்ட் மார்ட்டின்' நல்ல புத்தகம். ஆனால் அது 1930களில் எழுதப்பட்டது. 'ஐ ஷால், யூ வில்' போன்ற பழைய பாகுபாடுகளுக்காக இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம்.

அந்த மொழி நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் எப்போதோ ஆங்கிலச் சொற்களாகிவிட்டன. 2016இல் நம் 'ஐயோ'வும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. நம் வீட்டுச் சொற்கள் போய் உட்கார்ந்த இடத்தில் நாம் நிற்கக் கூசுவானேன்?

கடைசியாக இரண்டு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு ஒருவர் வாயை ஓர் ஆண்டு அடைத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். அடுத்தது, யாராவது உங்களைத் திருத்தினால் திருத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை. நாளை காலை முதல் வகுப்பிலேயே கையைத் தூக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்